விடியற்காலை மூன்று நாற்பது வெயில்

கவரைப்பேட்டை
11-8-2008

ஷமீமா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் போன் நம்பர் கேட்டுப் பழவேற்காடு வரைக்கும் போனேன். உன் உம்மா மோர் கொடுத்தார்கள், நம்பர் கொடுக்கவில்லை. "மஸ்கட்டுல இப்பத்தான் வேலையில ஒக்காந்துகினு கீறா, அவ நிம்மதியக் கெடுக்காதம்மா" என்று விலாசத்தை மட்டும் எழுதித் தந்தார்கள். நிம்மதி எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது.

என் அண்ணன் அந்தோணியைத் திருடன் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஜூலை கடைசியில் ஸ்டோரில் இருப்புப் பார்த்தபோது பித்தளை வால்வுப் பெட்டிகள் குறைந்தன. வரதன் சார் கேமரா பதிவைத் தேடி எடுத்தார். நீ வந்தபோது உட்கார நாற்காலிகூடப் போடச் சொல்லாத அதே மேனேஜர்தான். படத்தில் அண்ணன் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோரை விட்டு வெளியே வருகிறார். மூலையில் தேதி, ஜூலை பத்தொன்பது. மணி, விடியற்காலை மூன்று நாற்பது. முதல் ஷிப்டே ஆறு மணிக்குத்தான் தொடங்கும். மூன்று நாற்பதுக்குக் காவலரைத் தவிர ஒரு ஈ காக்கை உள்ளே இருக்காது.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டபோது நான் அங்கேதான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஸ்டோர்லருந்து பொட்டி எடுத்துக்கினு மிஷினாண்ட போறதுதான சார் அன்னாடம் என் வேலை. மூணு நாப்பதுக்கு நான் ஊட்ல தூங்கிக்கினு இருந்தேன்."

"கேமராவுக்கு உன் மேல இன்னாய்யா கோபம்? அது பொய் சொல்லுமா?"

வருகைப் பதிவில் அந்த நேரத்துக்கு அண்ணன் உள்ளே வந்ததாக எதுவும் இல்லை. அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஏரிப் பக்கத்து மதிலை ஏறிக் குதித்து வந்தாராம்! முழங்கால் வீங்கிப்போய், பஸ் படி ஏறவே கம்பியைப் பிடித்துக்கொள்கிற மனுஷன்.

கேட்டுக்கு உள்ளே இருக்கிற கண்ணாடிப் பலகையில் அண்ணன் பெயரைப் போட்டு, "திருட்டுக் குற்றச்சாட்டின் பேரில்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். குழாயடியில் செல்வி அண்ணியின் குடத்தைப் பார்த்து ஒருத்தி, "இதுவும் பித்தளையா?" என்று கேட்டிருக்கிறாள்.

என் அண்ணன் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் படங்களைச் சேர்த்துவைக்கிற அந்த ஸ்டோரேஜ் பெட்டிதான் பொய் சொல்கிறது. சென்னையிலிருந்து வந்து அதைப் பொருத்திவிட்டுப் போனவள் நீ. அண்ணனிடம் விளக்கம் கேட்டு வந்த மெமோவுக்கு எழுதிய பதிலில் உன் பெயரைப் போட்டுத்தான் எழுதியிருக்கிறோம். பொன்னேரியில் ஒரே பெஞ்சில் படித்தோம் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஹெலன்

---

மஸ்கட்
26-8-2008

ஹெலனுக்கு,

அந்தோணி அண்ணனுக்கு நேர்ந்ததைப் படித்து அழுதேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. என் பெயரை எழுதுவதற்கு முன் ஒரு வரி என்னைக் கேட்டிருக்கலாம்.

அந்தப் பெட்டியைப் பொருத்திய அன்று நீ என் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். மறந்துவிட்டாயா? டிஸ்குகளைச் சொருகி விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று போகிறவள் நான் இல்லை. முதலில் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊர்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் போட்டேன், நீ சிரித்தாய். பிறகு உங்கள் நெட்வொர்க்கில் மாறாத ஒரு முகவரி கொடுத்தேன். நேர மண்டலப் பட்டியலில் சென்னை என்ற பெயரைத் தேடிப் பிடித்து அமைத்தேன். கேமராக்கள் எல்லாம் இந்தப் பெட்டியிடம்தான் மணி கேட்டுக்கொள்கின்றன, இது தப்பினால் எல்லாமே தப்பும் என்று உன்னிடம் சொல்லியும் காட்டினேன். தயாரித்தவர்கள் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றினேன். ஏதாவது பழுதானால் எச்சரிக்கை மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று வரதன் சாரைக் கேட்டேன். "எனக்கு வேணாம்மா, ஏற்கெனவே மெயில் கொட்டுது" என்றார். வற்புறுத்தி அவர் விலாசத்தையே போட்டேன். இவ்வளவும் செய்தவளைப் பற்றித்தான் நீ மெமோ பதிலில் எழுதியிருக்கிறாய்.

சரி. மூன்று நாற்பது என்று படித்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தயாரித்த இடத்திலிருந்து வரும்போது அந்தப் பெட்டியில் கிரீன்விச் நேரம்தான் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மூன்று நாற்பதுடன் ஐந்தரையைக் கூட்டு. காலை ஒன்பது பத்து. ஒன்பது பத்துக்கு அண்ணன் பெட்டி தூக்கினால் அதற்குப் பெயர் திருட்டா?

நான் அங்கிருந்து வந்த பிறகு யாரோ அதைப் பழைய நிலைக்குத் திருப்பியிருக்க வேண்டும். நான் வைத்த பாஸ்வேர்டை உனக்குச் சொல்ல மாட்டேன், அது கம்பெனியுடையது. ஆனால் உன் மேஜைக் கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திற. தயாரித்தவர்களின் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு பாஸ்வேர்டு அச்சடித்திருக்கும். அதைப் போட்டுத் திறந்துவிட்டால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு பெயர் என்ன இருக்கிறது, நேர மண்டலம் என்ன, மெயில் விலாசம் இருக்கிறதா என்று பார். எதையும் மாற்றாதே. பார்ப்பதோடு நிறுத்து.

நம்பர் தராததற்கு உம்மாமேல் கோபப்படாதே. தந்திருந்தாலும் நாம் போனில் சண்டைதான் போட்டிருப்போம். எழுத்தில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கலாம்.

ஷமீமா

---

கவரைப்பேட்டை
12-9-2008

ஷமீமா,

புத்தகத்தில் இருந்த பாஸ்வேர்டுக்கே கதவு திறந்துவிட்டது.

உன் ஊர்ப் பெயர் அதில் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு தொழிற்சாலைப் பெயர் இருந்தது. நேர மண்டலம் கிரீன்விச். மெயில் விலாசம் காலி. உள்ளே நடந்ததையெல்லாம் அதுவே குறித்துவைக்கிற பக்கம் ஒன்று இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள், அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திருப்பப்பட்டன என்று அதில் ஒரு வரி.

எலக்ட்ரீஷியன் ஜோசப்பைக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்தான் டார்ச் பிடித்தாராம்.

"பாஸ்வேர்டு தெரியலன்னு வரதன் சாரு பேஜாராகிட்டாரும்மா. போன்ல எவனோ, பின்னாடி ஒரு ஓட்ட கீது, ஊக்கு வெச்சி அமுக்குன்னான். அமுக்கினாரு. அப்பாலிக்கா முகவரி நம்பர மட்டும் போட்டாரு, படம் வந்துச்சு, அவ்ளதான், போய்ட்டாரு."

காவலர் அறைத் திரையில் படம் மட்டும்தான் தெரியும். பதிவை எடுத்துப் போட்டால்தான் மூலையில் மணி வரும். அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேராக வரதன் சாரிடம் போனேன். மனுஷன் பதறிப்போய் அண்ணனைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். நான் எவ்வளவு முட்டாள்!

"நீ எதுக்கு அதத் தொட்ட? உன்னை யாரு பார்க்கச் சொன்னா?"

"சார், மணி தப்பா இருக்கு சார். அண்ணன் பெட்டி தூக்கினது காலைல ஒன்பது பத்துக்கு."

"டேட்டா என்ட்ரி பண்ற பொண்ணு எனக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தரியா? உன் அண்ணனைக் காப்பாத்த நீயே உள்ள பூந்து எதையாவது மாத்தியிருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

மறுநாள் என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் போய்ச் சொன்ன அன்று சாயங்காலமே அவர் பெட்டியின் மணியைச் சரிசெய்துவிட்டார்! பெயரையும் மாற்றி, மெயிலையும் போட்டுவிட்டாராம். ஜோசப்தான் சொன்னார். இனிமேல் யார் வந்து பார்த்தாலும் பெட்டி சரியான நேரத்தைத்தான் காட்டும். நான் பொய்க்காரி, அண்ணன் திருடன், அவர் ஒழுங்கான மேனேஜர்.

தெரியாமல் ஊக்கை வைத்து அமுக்கினார், போகட்டும். தெரிந்த பிறகு இப்படிச் செய்கிறவரை என்னவென்று சொல்வது? அண்ணன் சாப்பிடும்போதுகூடத் தலையைத் தூக்குவதில்லை. அக்டோபரில் விசாரணையாம். வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்து விசாரிப்பாராம். எங்கள் கையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது.

ஹெலன்

---

மஸ்கட்
24-9-2008

ஹெலன்,

நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்பார்கள். உன் கடிதம் வந்த நாளில் என்னால் முடியவில்லை.

மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு மணியைத் திருத்தினால் ஜூலையில் பதிவானது திருந்திவிடாது. அன்றைக்கு எந்த மணியோடு பதிவானதோ அதே மணியோடுதான் இருக்கும். அன்று ஸ்டோர் கேமரா மட்டுமா ஓடியது? கேட் கேமராவும் அதே பெட்டியிடம்தான் மணி கேட்டது. ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் டியூப்லைட்தான். அதனால்தான் அந்தப் படத்தில் இரவு பகல் தெரியவில்லை. கேட்டுக்கு மேலே வானம் இருக்கிறது. ஜூலை பத்தொன்பது, மூன்று நாற்பதுக்குக் கேட் கேமரா பார்த்தது என்ன என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் மணியை மாற்றியதையும் பெட்டி தன் பக்கத்தில் குறித்துவைத்திருக்கும். எந்தத் தேதியில், எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பது வரைக்கும்.

ஆனால் நேரம் குறைவு. மூன்று மாதம் ஆனால் பழைய பதிவுகளின் மேல் புதியது எழுதிக்கொள்ளும்படிதான் அமைத்திருந்தேன். உங்கள் மேனேஜர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும் டிஸ்க் நிரம்பினால் பழையது போய்விடும். அந்த நாளின் பதிவை அழியாமல் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்று விசாரணை வக்கீலுக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். நீ மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்காதே. விசாரணையிலும் நீ திறந்து காட்டாதே. வரதன் சார் கையாலேயே திறக்கவை.

நான் செய்த அமைப்புகளை எழுதிக் கையெழுத்திட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். "ஊர்ல இருக்கற பிரச்சினையில நீ ஏன் தலையக் கொடுக்கிற?" என்று என் வீட்டுக்காரர் அத்னான் கேட்டார். என் தலை ஏற்கெனவே அந்த மெமோ பதிலில் இருக்கிறது என்றேன். தபால் ஆபீஸ் வரிசையில் அவரே போய் நின்றார்.

என் பெயரை நீ இன்னும் எடுக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

ஷமீமா

---

கவரைப்பேட்டை
20-10-2008

அன்புள்ள ஷமீமா,

விசாரணை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனுக்காகப் பேச ஒரு தொழிலாளியை அழைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. லேத்தில் வேலை செய்கிற தாவீது அண்ணன் வந்தார். கான்பரன்ஸ் அறையில் வக்கீல் நடுவில், வரதன் சார் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். ஸ்டோர் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். அண்ணன் தோளில் பெட்டி. மூன்று நாற்பது.

தாவீது அண்ணன் எழுந்து, "சார், இதே தேதி, இதே மணிக்கு கேட் கேமராவப் போடச் சொல்லுங்க" என்றார்.

"அது தேவையில்லாதது" என்றார் வரதன் சார்.

"தேவையா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன், போடுங்க" என்றார் வக்கீல்.

போட்டார். ஷமீமா, திரை முழுக்க வெயில்! கேட்டுக் கம்பியின் நிழல் ரோட்டில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. பூட்ஸைத் துடைத்துக்கொண்டே காவலர் கண்ணைச் சுருக்குகிறார். மூலையில் மூன்று நாற்பது. சிறிது நேரத்தில் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. திருநின்றவூரிலிருந்து வருகிற ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கடைசியாக இறங்கியது யார் தெரியுமா? கையில் டிபன் பையோடு வரதன் சார்.

தாவீது அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "விடியக்காலம் மூணு நாப்பதுக்கு வெயில் அடிக்குது சார். சாரும் வேலைக்கு வந்துட்டாரு. அந்தோணி மதில் ஏறிக் குதிச்சாருன்னா, சாரு இன்னாத்துக்கு சார் வந்தாரு?"

வக்கீல் சிரிக்கவில்லை. வரதன் சாரைப் பார்த்து, "செப்டம்பர்ல நீங்க இதோட மணியை மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். நம் தபாலைப் படித்திருக்கிறார்.

"வழக்கமான பராமரிப்பு சார்."

"அந்தப் பக்கத்தைத் திறங்க."

அவர் கையாலேயே திறந்தார். கிரீன்விச்சிலிருந்து சென்னைக்கு மாற்றியது, நான் அவரிடம் போய்ச் சொன்ன அதே நாள். "இந்தப் பொண்ணு வந்து சொன்ன அன்னைக்கே மாத்தியிருக்கீங்க. சொன்னது தப்புன்னா ஏன் மாத்தினீங்க? சரின்னா இந்த ஆளு ஏன் இன்னும் வெளியில நிக்கறாரு?" என்றார் வக்கீல். வரதன் சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை, மூடினார்.

அதற்குப் பிறகு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். உன் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்தேன். மெமோ பதிலில் ஷமீமாவின் பெயரைப் போட்டது தவறு, அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் அமைத்தாள் என்று எல்லோர் முன்பும் சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தோடு இனிப்பும் அனுப்பியிருப்பேன். நேற்று அண்ணனைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். இனிமேல் கவனமாக நடந்துகொள்வதாக அண்ணன் கையெழுத்துப் போட வேண்டுமாம். கவனமாக! ஊக்கை வைத்து அமுக்கியது யார், கவனமாக இருக்க வேண்டியது யார்?

அண்ணன் தாளைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டார். "சந்தேகம்னு ஒண்ணு இருந்தாத்தான அதுக்குப் பலனு?" என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

ஹெலன்

---

மஸ்கட்
3-11-2008

அன்புள்ள ஹெலன்,

கேட் வெயிலைப் படித்தபோது இங்கே ஆபீஸில் எழுந்து நின்றுவிட்டேன். என் பெயரை எடுத்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன், எடுக்க வேண்டியது அது. ஆனால் எல்லோர் முன்பும் சொன்னாய் பார், அதற்குச் சொல்கிறேன்.

இப்போது நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொல். 'கவனமாக' என்ற அந்த வார்த்தை எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆபீஸிலேயே ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. ஊரிலும் அப்படித்தான் என்று உம்மா சொன்னார்கள். சிப்காட்டில் ஷிப்டுகளை நிறுத்துகிறார்களாமே? இந்த நேரத்தில் வெளியே நின்றால் வேறு எவன் கேட்டைத் திறப்பான்? நாலு பேருக்கு முன்னால் உண்மை தெரிந்துவிட்டது. அது போதாதா?

செல்வி அண்ணி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. சுமக்கிறவர்கள் அவர்கள்தான்.

ஷமீமா

---

கவரைப்பேட்டை
8-12-2008

அன்புள்ள ஷமீமா,

பதில் தாமதமானதற்கு மழையும் ஒரு காரணம். தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஓடியது, தபால் வரவில்லை, போகவில்லை.

உன் கடிதத்தைச் செல்வி அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டே கேட்டார்கள். உன்மேல் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுது. ஆனா உண்ம தெரிஞ்ச நாலு பேரும் அந்த ரூமுக்குள்ளதான கீறாங்க? கொழாயாண்ட யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்டா நான் சாவுற வரைக்கும் திருடன் பொண்டாட்டிதான்" என்றார்கள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

தாவீது அண்ணன் விஷயத்தைத் தொழிலாளர் அதிகாரியிடம் கொண்டுபோனார். வக்கீலின் அறிக்கையில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் இல்லை, மணி தவறு என்று தெரிந்தே மறைக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. பித்தளைப் பெட்டிகளும் கிடைத்துவிட்டன. இல்லை, அவை காணாமலே போகவில்லை. வேறு சரக்கோடு சேர்த்து ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், வாங்கிய கம்பெனி திருப்பி அனுப்பியது. பேக்கிங்கில் அவற்றை இறக்கிவைத்ததே நான்தான். என் கையிலேயே வந்து இறங்கின, ஷமீமா. அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள்.

அதன் பிறகுதான் எந்த நிபந்தனையும் இல்லாத உத்தரவு வந்தது. நோட்டீஸ் ஒட்டிய அதே பலகையில் இன்னொரு நோட்டீஸ் ஒட்டினால்தான் உள்ளே வருவேன் என்றார் அண்ணன். ஒரு வாரம் இழுத்தார்கள். கடைசியில் ஒட்டினார்கள்.

போன திங்கட்கிழமை அண்ணன் ஷிப்டுக்குப் போகும்போது அண்ணியையும் அழைத்துக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். காவலர் தடுத்தார். "வேலை செய்றவங்க மட்டும்தான் உள்ள வரலாம்."

"அவ பேரு கெட்டது இந்தப் பலகையிலதான். அவ பாக்க வேணாமா?" என்றார் அண்ணன்.

ஷிப்டுக்கு வந்தவர்கள் யாரும் உள்ளே போகாமல் நின்றுவிட்டார்கள். காவலர் எங்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார்.

அண்ணி கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். "திரு. அந்தோணி அவர்கள்மீதான குற்றச்சாட்டு ஆதாரமற்றது என முடிவு செய்யப்பட்டுள்ளது. அவர் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்." அவ்வளவுதான். மணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. யார் தவறு என்று இல்லை.

"இன்னும் கீதா?" என்று அண்ணி என்னைக் கேட்டார்கள்.

"இல்ல அண்ணி. அவ்ளதான்."

கண்ணாடிக்குப் பூட்டில்லை. அண்ணி அதைத் தள்ளித் திறந்தார்கள். காவலரின் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நோட்டீஸின் அடியில், மேனேஜர் கையெழுத்துக்குக் கீழே பெரிய பெரிய எழுத்தாக எழுதினார்கள்:

"மன்னிப்பு எங்கே?"

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்கள். அண்ணன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். நான் பேக்கிங்குக்குப் போனேன்.

ஒன்பது மணிக்கு மேல் ஆபீஸ் வேன் வந்தது. வரதன் சார் இறங்கினார், பலகைக்கு முன்னால் நின்றார், படித்தார். கை கண்ணாடி வரைக்கும் போனது. இந்தப் பக்கம் லேத் ஓட்டுகிறவர்கள், அந்தப் பக்கம் நாங்கள், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதை எழுதுகிற இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது. யாரும் கிழிக்கவில்லை. யாரும் பதில் எழுதவும் இல்லை.

ஹெலன்